மேல் வரிசை வாளி

"வாளி எங்க?" என்று கிணற்றடியிலிருந்து அங்கம்மா கேட்டபோது, அவள் புருஷன், தண்டவாள வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ஐயாசாமியின் இலையில் இரண்டாம் தடவையாகச் சோறு விழுந்துகொண்டிருந்தது. செசிலியாவின் வாயிலிருந்த கவளம் அப்படியே நின்றுபோனது. தெருவின் நடுவே நீளமாகக் கட்டியிருந்த தோரணக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், பருப்புச் சட்டியோடு குனிந்திருந்த தனலெட்சுமி குனிந்தபடியே நின்றாள். கரண்டியிலிருந்து பருப்பு சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

"வாளியக் காணோம். கயிறு மொட்டையா வருது."

"கெணத்துல விழுந்திருக்கும் அக்கா," என்றான் மேல் வரிசையில் உட்கார்ந்திருந்த மணியம். எதற்கும் சிரிக்கிற ஆள் அவன். "மீனு முட்டை போட எடம் தேடுச்சாம், நான்தான் எடுத்துக்கன்னு சொன்னேன். நீங்க மொதல்ல பாயசத்த ஊத்தச் சொல்லுங்க."

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். செசிலியாவும் சிரிக்க முயன்றாள். ஒரு வாளி தொலைந்ததோடு இது முடிந்துவிட வேண்டுமே மாதாவே, என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். ஆனால் அங்கம்மா சிரிக்கவில்லை. ஈரக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே ஏதோ யோசித்தாள். பிறகு, எந்தக் கேள்வி வரக்கூடாது என்று செசிலியா விடியற்காலையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தாளோ அதையே கேட்டாள்.

"அப்ப காலையில ஒலைக்குத் தண்ணி எதுல எறைச்சது?"

லாபிஸ் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால், கப்பலேறி வந்த தண்டவாள வேலைக்காரர்களுக்கென்று கட்டிய லயம் அது. எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள், நடுவில் செம்மண் தெரு, தெரு முடிகிற இடத்தில் கிணறு. கிணறு ஒன்றுதான். ஆனால் அதன் மேல் வரிசைப் பக்கத்தில் இரண்டு கல் தூணும், கப்பியும், கப்பியில் ஓடும் நல்ல கயிறும், கயிற்று முனையில் இரும்பு வாளியும் உண்டு. கீழ் வரிசைப் பக்கத்தில் கப்பி கிடையாது. வாயை வெட்டிக் குறுக்கே ஒரு கட்டை அடித்த மண்ணெண்ணெய் டின் உண்டு. குனிந்து, கையால்தான் இழுக்க வேண்டும். இரண்டும் போய் முங்குவது ஒரே தண்ணீரில். ஆனால் வாளியைக் கீழ் வரிசைக்காரர்கள் தொடக்கூடாது, டின்னில் இறைத்த தண்ணீர் மேல் வரிசை வீட்டு வாசற்படி ஏறக்கூடாது. யாரும் இதை உத்தரவு போட்டுச் சொன்னதில்லை. செசிலியா நடக்கத் தொடங்கிய நாளிலேயே எது தன் பக்கம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் அப்பா சந்தனசாமி குடும்பத்தோடு கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தவர். மாதத்துக்கு ஒரு முறை சிகாமட்டிலிருந்து சாமியார் வந்து பூசை வைப்பார். நெற்றியில் ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதில் பேர் மாறியது. டின் மாறவில்லை.

மழை ஓய்கிற காலத்தில் கிணற்றைத் தூர் வாருவார்கள். அன்றைக்கு மட்டும் மேல் வரிசையிலிருந்து ஆள் வந்து சந்தனசாமியின் வீட்டு வாசலில் நின்று மரியாதையாகக் கூப்பிடும். அவர் கோவணத்தோடு இறங்குவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கிச் சேற்றை அள்ளிக் கூடையில் போடுவார். தலையிலும் காதிலும் சேறு ஒழுக ஏறி வருவார். கலங்கல் தெளிந்ததும் மேல் வரிசை வாளி இறங்கும். சிறு வயதில் செசிலியாவுக்கு அதில் பெருமைகூட இருந்தது. கிணற்றின் அடியைப் பார்த்த ஒரே ஆள் தன் அப்பாதான் என்று.

இந்த வருஷம் ராஜா பட்டமேறி இருபத்தைந்து வருஷம் ஆகிறதென்று ரயில்வே துரை ஒரு நாள் லீவு விட்டார். அரிசியும் பருப்பும் கொடுத்து, லயத்துத் தெருவிலேயே எல்லாரும் விருந்து வைத்துக்கொள்ளச் சொன்னார். ஸ்டேஷன் விளக்கறைக்கு முன்னால் கூட்டம் போட்டார்கள். எப்போதும் விசேஷமென்றால் மேல் வரிசை முதலில் சாப்பிடும், இலை எடுத்துத் தெருவைக் கூட்டிய பிறகு கீழ் வரிசை உட்காரும். இந்தத் தடவை மணியமும் இன்னும் சில இளவட்டங்களும் ஒரே பந்தி என்றார்கள். பேச்சு தடித்தது. கடைசியில் மண்டோர் ஐயாசாமி ஒரு வழி சொன்னார்: ஒரே நேரத்தில் உட்காரலாம், நடுவில் தோரணக் கயிறு ஓடும், இந்தக் கோடியில் ஓர் அண்டா, அந்தக் கோடியில் ஓர் அண்டா.

"தொர கேட்டா ஒரே பந்தின்னு சொல்லிக்கலாம். நம்மளுக்கு நம்ம பந்தி," என்று அவரே சிரித்தார்.

பெண்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். கோப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த தனலெட்சுமி, மண்டோரின் மகள், யாரையும் பார்க்காமல் சொன்னாள். "ஒரே அரிசிதானப்பா. ஒரே அண்டா போதாதா?"

"அதுக்கு ஒரே தண்ணியா இருக்கணும்லம்மா."

"கெணறும் ஒண்ணுதானே."

மகளின் சமத்தைப் பார்த்துச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் மண்டோர் தம்ளரையே பார்த்தார். மறுநாள் தனத்தின் கன்னத்தில் விரல் தடம் இருந்தது. அப்பா கையா, அம்மா கையா என்று செசிலியா கேட்கவில்லை. தனமும் அவளும் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து, மைதா மாவுப் பசையில் வண்ணத் தாள்களை முக்கோணமாக ஒட்டிக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே கயிறு, இரண்டு முனையிலிருந்தும் தாள் ஒட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தார்கள்.

"இந்தத் தாளு இருக்கே," என்றாள் தனம், "உன் பசையும் என் பசையும் ஒண்ணா காயுது. இத யாரு பிரிப்பாங்க?"

"பேசாம இருடி. உங்கம்மா பாக்குறாங்க."

"பாக்கட்டும் லா."

தனத்துக்குப் பதினாறு, செசிலியாவுக்கு ஒன்று குறைவு. ஆனால் பயப்படும் வேலையைச் செசிலியாதான் இருவருக்கும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தாள்.

விருந்தன்று மேல் அண்டாவுக்குத் தண்ணீர் நிறைக்கிற பொறுப்பு தனத்துக்கு, கீழ் அண்டாவுக்குச் செசிலியாவுக்கு. இருட்டு பிரியாத நேரத்தில் இருவரும் கிணற்றடியில் இருந்தார்கள். செசிலியா தன் குடத்தைக் கீழ் அண்டாவில் கவிழ்த்துவிட்டுத் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தாள். கப்பி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு தொப்பென்று ஒரு சத்தம், கிணற்றின் வயிற்றிலிருந்து.

"அலமாக், ஐயோ," என்றாள் தனம். "கயிறு அத்துப்போச்சு செசி."

செசிலியா ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். மேல் வரிசைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கிய வாளி அது. "வீட்டுல கொடம் இருக்குல்ல, எடுத்தாந்து கயித்துல கட்டுடி."

"நேரமில்ல. எங்க அடுப்பு எரியுது, அண்டா சும்மா காயுது. உன் டின்னக் குடு."

"பைத்தியமா உனக்கு?"

"குடுடி."

தனம் கீழ் வரிசைப் பக்கம் வந்தாள். டின்னின் கயிற்றை அவளே பிடித்தாள். கப்பியில் இழுத்தே பழகியவளுக்கு வெறும் கையால் இழுக்க வரவில்லை. தேங்காய் நார் உள்ளங்கையை அறுத்தது. செசிலியாவும் பிடித்தாள். ஒருத்தி கைக்குப் பின்னால் ஒருத்தி கை. குடம் குடமாக மேல் அண்டா நிறைந்தது. ஒருமுறை டின் தளும்பித் தனத்தின் பாவாடையை நனைத்தபோது அவள் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இருட்டில் செசிலியாவுக்குத் தெரியவில்லை. முடிந்ததும் தனம் மேல் வரிசைக் கயிற்றைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டாள். பார்க்கிறவர்களுக்கு முனையில் வாளி இருப்பதுபோலத்தான் தெரியும். வீட்டுத் தொட்டிகள் முந்தின நாள் சாயங்காலமே நிறைந்திருந்ததால் அதற்குப் பிறகு யாரும் அந்தக் கயிற்றைத் தொடவில்லை. கை கழுவ வைத்த தண்ணீர் தீர்ந்து, அங்கம்மா எழுந்து போகும் வரைக்கும்.

இப்போது பந்தியில் மரப்பெட்டி மேல் வைத்திருந்த ராஜா படத்துக்குப் போட்ட மாலையில் ஒரு வண்டு சுற்றும் சத்தம்கூடக் கேட்டது. அங்கம்மா மகளைப் பார்த்தாள். மேல் வரிசை மொத்தமும் தனத்தைப் பார்த்தது. தனம் நிமிர்ந்தாள். அவள் வாய் திறந்தது.

அந்த வாயிலிருந்து வரப்போவதை நினைத்ததும் செசிலியா எழுந்துவிட்டாள். தான் எழுந்ததை அவள் பிறகுதான் உணர்ந்தாள். பக்கத்தில் தம்பியை மடியில் வைத்திருந்த அம்மா பாவாடையைப் பிடித்து இழுத்து, "உக்காருடி, உக்காருடி" என்றாள். கால்கள் உட்கார மறுத்தன.

"எங்க டின்னுல. நான்தான் எறைச்சு ஊத்தினேன். தனத்துக்குத் தெரியாது."

மேல் வரிசையில் ஒருவர் எழுந்து வாய்க்காலோரம் ஓடி விரலைத் தொண்டைக்குள் விட்டார். ஒரு கிழவர் இலையை மடித்து மூடினார். பெண்கள் பிள்ளைகளின் கையைத் தட்டிவிட்டார்கள். தட்டிவிட்ட கையோடேயே ஒரு பொடியன் அப்பளத்தை வாயில் அடைத்துக்கொண்டான். வாய் கொப்பளிக்கப் பலர் தங்கள் தங்கள் வீட்டுத் தொட்டிக்கு ஓடினார்கள். ஐயாசாமி நகரவில்லை. பிசைந்த சோறு அவர் விரல்களில் ஒட்டியிருந்தது. அவர் செசிலியாவைப் பார்க்காமல், கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவள் அப்பாவைப் பார்த்தார்.

"சந்தனசாமி. ஓம் மவ சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"எந்திரி. கெணத்துல எறங்கி மொதல்ல வாளிய எடு. மிச்சத்த அப்பறம் பேசிக்கலாம்."

செசிலியாவுக்கு அந்த நேரத்தில் பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பயம் இருந்தது. லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள், அப்பாவைத் தண்டவாளக் கேங்கிலிருந்து எடுத்துவிடுவார்கள், மலாய்க்காரர்கள் இருக்கும் கம்பத்துக் கிராமத்துப் பக்கம் எங்கேயோ போய்க் குடிசை போட வேண்டிவரும், எல்லாம் ஒரே வீச்சில் கண்ணுக்குள் வந்துபோனது. ஆனால் அப்பா கையை உதறிக்கொண்டு எழப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். பழக்கத்தில், கூப்பிட்டால் எழுகிற பழக்கத்தில், அவர் முழங்கால் பாதி நிமிர்ந்திருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வருஷா வருஷம் எங்கப்பா அதுல முழுசா எறங்குறாரே மண்டோரு," என்றாள். குரல் உடைந்து கீச்சென்று வந்தது. "தல முடி வரைக்கும் முங்குறாரு. மறுநாளு அந்தத் தண்ணியத்தானே குடிக்கிறீங்க. இப்பவும் அவரத்தானே எறங்கச் சொல்றீங்க. டின்னு மட்டும் என்னா செஞ்சிச்சு?"

சந்தனசாமியின் முழங்கால் மெதுவாகத் தரைக்குத் திரும்பியது. சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இலையிலிருந்த சோற்றைக் குழித்துப் பருப்பை நடுவில் இழுத்தார்.

"இன்னைக்கு லீவுங்க மண்டோரு," என்றார்.

"என்னா சொன்ன?"

"ராஜா விசேஷம். தொர லீவு குடுத்திருக்காரு." ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார். "நாளைக்கும் என் வேலை தண்டவாளத்துலதான். கெணத்துல எறங்குறதுக்கு எனக்குச் சம்பளம் கெடையாதுங்க. இவ்வளவு நாளா நானா எறங்குனேன்."

கீழ் வரிசையில் யாரோ அடக்க முடியாமல் மூக்கால் சிரித்தார்கள். அது இன்னொருவருக்குத் தொற்றியது. ஐயாசாமி எழுந்தார். முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. கையைக் கழுவத் தண்ணீர் இல்லை. சோற்றுக் கையோடேயே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அவர் பின்னாலேயே மேல் வரிசையில் பாதிப் பேர் போனார்கள். மீதிப் பாதி, போகவும் மனசில்லாமல் சாப்பிடவும் துணியாமல், இலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தனம்," என்றான் மணியம். இந்தத் தடவை அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு."

தனம் போட்டாள். வேறு யாரும் கேட்கவில்லை. பிறகு சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு புது இலையை எடுத்து, அவள் அப்பா உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் விரித்தாள். தானே தனக்குப் பரிமாறிக்கொண்டாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிடத் தொடங்கினாள். உள்ளங்கையில் கயிறு அறுத்த சிவப்புக் கோடுகளில் பருப்பின் உறைப்புப் பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு கவளத்துக்கும் அவள் கண் சுருங்கியது. ஆனால் கை நிற்கவில்லை. செசிலியா தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அதே கோடுகள். சட்டென்று கையை மூடிக்கொண்டாள்.

விருந்து கலைந்த விதத்தை விருந்து என்று சொல்ல முடியாது. ஆனால் கீழ் அண்டாவில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. மத்தியானம் முழுவதும் மேல் வரிசை ஆண்கள் கிணற்றடிக்கு வருவதும் போவதுமாக இருந்தார்கள். வாளி போனால் போகட்டும், வேறு குடத்தைக் கட்டி இறைக்கலாம் என்று பார்த்தால் கயிற்றையும் காணவில்லை. அங்கம்மாவைக் கேட்டதற்கு, "அத்த கயித்த வச்சு என்னா பண்றது, அடுப்புல போட்டுட்டேன்," என்றாளாம். லீவு என்பதால் சீனன் கடையும் சாத்தியிருந்தது. வாய் கொப்பளித்தே மேல் வரிசைத் தொட்டிகள் காலியாகியிருந்தன. கிணற்றுச் சுவரில் டின் தன்னுடைய கயிற்றோடு உட்கார்ந்திருந்தது. அதைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் அதை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்பா வீட்டுக்குள் படுத்திருந்தார். தூங்கவில்லை. "நாளைக்குக் காலையில மண்டோரு பேரு கூப்புடுறப்ப என் பேரு இருக்கும்," என்றார், யாரும் கேட்காமலே. கொஞ்சம் கழித்து, "இல்லாட்டி, இல்லன்னு நாலு பேரு முன்னாடி சொல்லட்டும்," என்றார். செசிலியா மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டாள். தனத்துக்குத் தெரியாது என்று சொன்னது பொய்தான். சாமியார் வரும்போது பாவமென்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் செய்ததற்கு வருந்தி மனஸ்தாபப்பட வேண்டுமே. அது எவ்வளவு தேடியும் உள்ளே கிடைக்கவில்லை. பயம்தான் கிடைத்தது. தனம் சாப்பிட்டு முடித்த பிறகும் தன் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை என்பது கிடைத்தது. தன்னைக் காப்பாற்றியதற்காகவா, அல்லது அவள் சொல்ல வாயெடுத்ததைத் தான் பிடுங்கிக்கொண்டதற்காகவா?

விளக்கு வைக்கிற நேரத்தில் செசிலியா குடத்தோடு கிணற்றடிக்குப் போனாள். தெரு நடுவில் தோரணம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மாலைத் தூறலில் நனைந்து, சிவப்பும் நீலமும் கரைந்து, ஒட்டிய தாள்கள் ஒன்றோடொன்று சுருண்டிருந்தன. கிணற்றின் கீழ் வரிசைப் பக்கத்தில் யாரோ நின்றிருந்தார்கள். கிட்டே போனதும்தான் அங்கம்மா என்று தெரிந்தது. காலடியில் காலிக் குடம்.

செசிலியாவுக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடவில்லை. "ஊத்தணுமா மண்டோரம்மா?" என்று கேட்க வந்த நாக்கையும் கடித்துக்கொண்டாள். இன்றைக்கு ஊற்றினால் நாளைக்கும் ஊற்ற வேண்டும். பிறகு அதுவே வழக்கமாகிவிடும்.

"டின்னு அங்கதான் இருக்கு," என்றாள். "எறைச்சுக்கிங்க."

அங்கம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள், கையை ஓங்குவாள் என்று செசிலியா தோளைக் குறுக்கிக்கொண்டாள். அங்கம்மா டின்னின் கயிற்றைப் பிடித்தாள். மெதுவாக, பழக்கமில்லாத கையால், கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். டின் கல்லில் இடித்து இடித்து இறங்கியது. கீழே தண்ணீரில் அது சாய்ந்து நிறையும் சத்தம் கேட்டது. ஆனால் அவள் இழுக்கவில்லை. ஒரு கையில் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி, மறு கையால் முந்தானைக்குள்ளிருந்து எதையோ எடுத்தாள்.

மேல் வரிசைக் கயிறு. சுருட்டி இடுப்பில் செருகியிருந்திருக்கிறாள்.

அதன் முனையை வெளிச்சத்துக்கு நேராக நீட்டினாள். நார் பிய்ந்திருக்கவில்லை. பிரி ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. பல மாதங்கள் முடிச்சாக இறுகிக் கிடந்த வளைவு மட்டும் அப்படியே, சுருண்ட ஓணான் வால் மாதிரி இருந்தது.

செசிலியாவின் காதில் விடியற்காலையின் அந்த அமைதி மறுபடி வந்தது. கப்பி நின்றதற்கும் வாளி விழுந்ததற்கும் நடுவில் இருந்த கொஞ்ச நேரம்.

"ஆம்பளைங்க பாக்குறதுக்கு முந்தி நான் எடுத்துட்டேன்," என்றாள் அங்கம்மா. குரலில் கோபம் இல்லை. வேறென்ன இருந்தது என்று செசிலியாவுக்குப் பிடிபடவில்லை. "அவளக் கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்குறா. நீ கூட இருந்த. சொல்லு சிசிலி. முடிச்சு தானா அவுந்துச்சா, எம் மவ அவுத்தாளா?"